சத்தமும் காதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது மந்தமான ஒருவர் இருக்கும் வீட்டில் இது தினமும் நடக்கும். "என்ன சொல்றாய்? சத்தமாச் சொல்லு" என்பார். கொஞ்சம் கூட்டிச் சொன்னதும் "ஏன் இப்பிடிக் கத்துறாய்? எனக்கென்ன செவிடே?" என்று முகம் சுளிப்பார். சொன்னவருக்கு எரிச்சல், கேட்டவருக்கு அவமானம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்தக் காதுக்குள் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. கீழே உள்ள கேள்விகளில் பல இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன.

உரப்பும் டெசிபெலும் ஒன்றா?

இல்லை. டெசிபெல் என்பது மானியால் அளக்கக்கூடியது. காற்றில் வரும் ஒலியழுத்தம் எவ்வளவு என்று அது சொல்கிறது. உரப்பு என்பது கேட்பவரின் உணர்வு. பாடசாலை விஞ்ஞானத்தில் சுருதியோடு சேர்த்துப் படித்த அதே உரப்புத்தான். ஒரே டெசிபெலில் வரும் ஒரே ஒலி இரண்டு பேருக்கு இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒரே ஆளின் வலது காதுக்கும் இடது காதுக்கும்கூட வேறுபடலாம்.

0 டெசிபெல் என்றால் சத்தமே இல்லை என்று பொருளல்ல. அது 20 மைக்ரோபஸ்கால் அழுத்தம். நல்ல காதுள்ள இளம் வயதினருக்கு 1000 ஹேர்ட்ஸ் ஒலி (செக்கனுக்கு 1000 அதிர்வு) மட்டுமட்டாகக் கேட்கும் அளவு. கிசுகிசுப்பு 30 அளவில் வரும். ஒரு மீற்றர் தள்ளி இருப்பவரோடு சாதாரணமாகப் பேசினால் 60 அளவில் வரும்.

50க்கும் 60க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே?

இருக்கிறது. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி 10 மடங்காகிறது. ஆனால் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தெரியும். அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1936இல் இதற்கென்று 'சோன்' என்ற அலகை முன்வைத்தார். 1000 ஹேர்ட்ஸில் 40 டெசிபெல் ஒலி 1 சோன், 50 டெசிபெல் 2 சோன், 60 டெசிபெல் 4 சோன்.

ஒலிபெருக்கி வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பணம் மிச்சப்படுத்தும். 500 வாட் அம்பிளிபயருக்குப் பதிலாக 1000 வாட் கொண்டுவந்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு மடங்கு சத்தம் வேண்டுமென்றால் 5000 வாட் வேண்டும். அதற்குப் பதிலாக ஸ்பீக்கரைச் சனத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும், ஒரு சதமும் செலவில்லை.

இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து வாசித்தால் இரண்டு மடங்கு சத்தமா?

ஒரே சுரத்தை ஒரே பலத்தில் வாசித்தால் 3 டெசிபெல்தான் கூடும். ஒரு நாதஸ்வரத்தோடு ஒரு தவில் சேர்ந்தால் கதை வேறு. உட்காது ஒலியை ஏறத்தாழ 24 மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) பட்டைகளாகப் பிரித்துக் கேட்கிறது. ஒரே பட்டைக்குள் விழும் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வேறு வேறு பட்டைகளில் விழுபவை தனித்தனியாகக் கணக்கில் ஏறும். அதனால்தான் அகலமான ஒலிகள், மானி காட்டுவதைவிடப் பெரிதாகத் தோன்றுகின்றன.

குழாய் ஸ்பீக்கர் ஏன் காதைக் குத்துகிறது? பேஸ் சத்தம் அப்படிக் குத்துவதில்லையே?

காது எல்லா மீடிறன்களையும் ஒரே மாதிரி எடுப்பதில்லை. காதுத் துவாரம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமான, ஒரு முனை மூடிய குழாய். வெற்றுப் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு சுருதி எழுமே, அதேபோல இந்தக் குழாய் 3000 ஹேர்ட்ஸை அண்டிய ஒலியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். ஆகவே 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரைக்கும் காது மிகக் கூர்மை. கீழ் மீடிறன்களில் அது மந்தம். 1000 ஹேர்ட்ஸில் 40 டெசிபெல் தரும் உரப்பை 100 ஹேர்ட்ஸில் பெற 60 டெசிபெலையும் தாண்ட வேண்டும். இதை முறையாக அளந்து வளைகோடுகளாக வெளியிட்டவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களான பிளெச்சரும் மன்சனும், 1933இல். இன்றைய சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 226 அதன் திருத்திய வழித்தோன்றல்.

மதிலிலும் கம்பத்திலும் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பேஸை வெளிவிடுவதே இல்லை. அதன் சக்தியில் பெரும் பங்கு காது கூர்மையாக இருக்கும் அந்த இடத்திலேயே போய் விழுகிறது. தூரத்து வீட்டுக்கு அறிவித்தல் கேட்பதும் அதனால்தான், கிட்ட இருக்கும் வீட்டில் பிள்ளை காதைப் பொத்துவதும் அதனால்தான். ஈக்குவலைசரில் (மீடிறன்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) 2500 முதல் 4000 வரையுள்ள பகுதியை 4 டெசிபெல் இறக்கிப் பாருங்கள். சொல் விளங்குவது அதிகம் கெடாமல் குத்தல் குறையும். மிகவும் இறக்கினால் மெய்யெழுத்துகள் மங்கத் தொடங்கும். பிறகு விளங்கவில்லை என்று மொத்தச் சத்தத்தையும் கூட்டுவார்கள்.

பாட்டைக் குறைத்து வைத்தால் மிருதங்கமும் பேஸும் காணாமல் போகின்றனவே?

அதே காரணம். சத்தம் குறையக் குறையக் கீழ் மீடிறன்கள் முதலில் கேட்கும் எல்லைக்குக் கீழே போய்விடும். பழைய அம்பிளிபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். குறைந்த சத்தத்தில் பேஸைத் தூக்கிக் கொடுப்பதே அதன் வேலை. சத்தம் கூட்டியதும் அதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கும்மென்று அடைக்கும்.

திருவிழா ஒலிபெருக்கி இரவில் மட்டும் ஏன் பக்கத்தில் இருப்பதுபோல் கேட்கிறது?

இரண்டு காரணங்கள். பகலில் வாகனம், மின்விசிறி, சந்தை இரைச்சல் எல்லாம் சேர்ந்து அந்த ஒலியை மூடி வைக்கும். இரவில் அந்தப் போர்வை விலகிவிடும். மற்றது காற்று. இரவில் தரை குளிரும்போது நிலத்தை ஒட்டிய காற்றும் மேலே உள்ளதைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து திரும்பவும் கீழே வரும். காற்று வீசும் திசையிலும் ஒலி கீழே வளையும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மேற்கே கட்டிய ஸ்பீக்கர் கிழக்கே கடற்கரைப் பக்க வீடுகளை எழுப்பும். வாடையில் (வடகீழ்க் காற்றில்) நிலைமை மாறும்.

கட்டுபவர்கள் செய்யக்கூடியது: உயரத்தில் இரண்டு பெரிய குழாய்களுக்குப் பதிலாக, பாதை நெடுகச் சிறியவை பலவற்றைக் குறைந்த சத்தத்தில், சனத்தை நோக்கிச் சரித்து வையுங்கள். 1 மீற்றரில் 110 டெசிபெல் கொடுக்கும் ஒரு குழாய் 2 மீற்றரில் 104, 4இல் 98, 8இல் 92, 16இல் 86, 32இல் 80 என்று இறங்கும். கடைசி வரிசைக்கு 80 வேண்டும் என்று ஒரே குழாயைக் கூட்டினால் முதல் வரிசைக் குழந்தைகள் கொடுக்கும் விலை எவ்வளவு என்று இந்தக் கணக்கிலேயே தெரியும். நேரத்தைப் பொறுத்தவரை, 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இடமில்லை என்கிறது. விசேட நாட்களுக்கு விதிவிலக்கு உண்டு.

டீவியில் விளம்பரம் வந்ததும் சத்தம் கூடுகிறதே?

உச்ச அளவு கூடுவதில்லை, சராசரி கூடுகிறது. நாடகத்தில் மெல்லிய பேச்சும் பெரிய சத்தமும் மாறி மாறி வரும். விளம்பரத்தில் மெல்லியவை எல்லாவற்றையும் நசுக்கி மேலே ஏற்றியிருப்பார்கள். காது ஒரு நொடி உச்சத்தைப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 200 மில்லி செக்கன் வரை ஒலியைச் சேர்த்துத்தான் உரப்பை மதிப்பிடுகிறது. காது மந்தமான பெரியவர்களுக்கு இந்த மாற்றம் இரட்டிப்பாகத் தெரியும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

"சத்தமாச் சொல்லு" என்றவரே "கத்தாதே" என்கிறார். ஏன்?

உட்காதிலுள்ள நத்தைச் சுருளுக்குள் இரண்டு வகை மயிர்க்கலங்கள் உண்டு. உள் வரிசையில் ஏறத்தாழ 3,500. மூளைக்குச் செய்தி அனுப்புபவை இவை. வெளி வரிசைகளில் ஏறத்தாழ 12,000. இவை செய்தி அனுப்புவதைவிட முக்கியமான ஒன்றைச் செய்கின்றன. மெல்லிய ஒலி வரும்போது தாமே நீண்டும் சுருங்கியும் ஆடி, அந்த அதிர்வை 40 முதல் 60 டெசிபெல் வரை தூக்கிக் கொடுக்கின்றன. பெரிய ஒலி வரும்போது தூக்குவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

வயது, வருடக்கணக்கான இரைச்சல், ஜென்டமைசின் போன்ற சில மருந்துகள் ஆகியவை முதலில் அழிப்பது பெரும்பாலும் இந்த வெளி வரிசைகளைத்தான். மனிதரில் இவை திரும்ப முளைப்பதில்லை. அழிந்ததும் மெல்லிய ஒலிக்கு இருந்த உதவி போய்விடும். பெரிய ஒலிக்கு எந்த உதவியும் முன்பே இல்லை என்பதால் அங்கே ஒன்றும் குறையாது. ஆகவே கேட்கத் தொடங்கும் எல்லை 0இலிருந்து 60க்கு ஏறிவிடும். தாங்க முடியாத எல்லையோ முன்போலவே 100ஐ அண்டியே நிற்கும்.

ஒரு படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல காது நிலத்திலிருந்து மாடிக்கு 100 சின்னப் படிகளில் ஏறுகிறது. கெட்ட காதில் கீழிருந்து 60 படிகள் இடிந்துபோயின. மாடி அதே உயரத்தில்தான் இருக்கிறது. மிச்சமுள்ள 40 படிகளிலேயே அந்த முழு உயரத்தையும் ஏறியாக வேண்டும், ஒவ்வொரு படியும் செங்குத்து. குசினியிலிருந்து மனைவி 50 டெசிபெலில் கூப்பிடுகிறார்: ஒன்றுமே இல்லை. 65இல் கூப்பிடுகிறார்: யாரோ ஏதோ முணுமுணுக்கிறார்கள். பொறுமை போய் 90இல் கத்துகிறார்: நல்ல காதுள்ள ஒருவருக்குக் கேட்பது போலவே, அதே பலத்தோடு இறங்குகிறது. முணுமுணுப்பிலிருந்து கத்தல் வரைக்கும் இடையில் 25 டெசிபெல்தான்.

இதற்கு ஆங்கிலப் பெயர் ரெக்ரூட்மென்ட். நியூயோர்க் காது வைத்தியர் ஃபௌலர் 1930களில் இதை விவரித்தார். ஒரு காது மட்டும் கெட்டவர்களின் இரண்டு காதுகளுக்கும் மாறி மாறி ஒலி கொடுத்து, எந்த அளவில் இரண்டும் சமமாகக் கேட்கின்றன என்று ஒப்பிட்டார். மெல்லிய அளவில் பெரிய வித்தியாசம் இருக்கும். பெரிய அளவில் இரண்டு காதும் ஒன்றாகிவிடும். பிற்காலத்தில் பூஸ், ஃபுளோரன்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொரு விளக்கம் சொன்னார்கள்: அப்படிப்பட்ட காதுக்கு, கேட்கத் தொடங்கும் முதல் ஒலியே ஓரளவு உரத்துத்தான் கேட்கிறது, 'மெல்லிய சத்தம்' என்ற அனுபவமே அங்கே இல்லாமல் போகிறது. இதில் விவாதம் உண்டு. வீட்டிலிருப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது, அவர் நடிக்கவில்லை என்பது.

கத்தினால் சத்தம் கேட்கிறது என்கிறார், சொல் விளங்கவில்லை என்கிறாரே?

கத்தும்போது உயிரெழுத்துதான் பெரிதாகிறது. 'ஆ', 'ஓ' எல்லாம் கீழ் மீடிறனில் பலமாக வரும். 'ச', 'த', 'க', 'ப' போன்றவை பிறக்கும் அந்தச் சிறு காற்று வெடிப்பும் சீறலும், எவ்வளவு கத்தினாலும் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. வயதிலும் இரைச்சலிலும் முதலில் போவது அந்த மேல் மீடிறன்களே. "சட்டியை எடு" என்றால் அவருக்கு 'அட்டி' என்றுதான் வரும். சட்டியா, தட்டியா, பட்டியா, கட்டியா என்பதை அவர் மூளை ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் பிழைத்த இடத்தில்தான் வீட்டில் சிரிப்பும் சண்டையும் தொடங்குகின்றன.

அப்படியானால் எப்படிப் பேசுவது?

கிட்டப் போங்கள். 4 மீற்றரிலிருந்து 1 மீற்றருக்கு வந்தால், திறந்த வெளிக் கணக்கில், 12 டெசிபெல் கிடைக்கும், கத்தாமலே. முதலில் பெயரையோ முறையையோ சொல்லி அவர் திரும்பும்வரை பொறுங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும், யன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். சாதாரணக் குரலைவிடச் சற்றே கூட்டி, சற்றே நிதானமாக. விளங்கவில்லை என்றால் அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட மாற்றிச் சொல்லுங்கள்: "சட்டியை எடு" விளங்கவில்லை என்றால் "கறி வைக்கிறதை எடு". மேலே சுழலும் மின்விசிறியை ஒரு நம்பர் குறைப்பதும் உதவும்.

காது குறைந்த எல்லோருக்கும் இப்படித்தானா?

இல்லை. குறும்பி அடைத்தது, செவிப்பறை ஓட்டை, நடுக்காதில் நீர் போன்றவற்றில் உட்காது நன்றாகவே இருக்கும். அங்கே ஒலி வழியில் தடைபடுகிறது, அவ்வளவுதான். மெல்லியதும் பெரியதும் ஒரே அளவு குறையும். இவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டினால் நன்றாக விளங்கும், எரிச்சல் வராது. இன்னொரு அடையாளம்: இவர்களுக்குச் சொந்தக் குரல் தலைக்குள் பெரிதாகக் கேட்பதால் மெதுவாகப் பேசுவார்கள். உட்காது கெட்டவர்களில் பலர் தங்களுக்கே தெரியாமல் உரத்துப் பேசுவார்கள். இரண்டும் கலந்தும் வரலாம்.

குறும்பியை ஹெயார்பின்னாலோ பஞ்சுக் குச்சியாலோ தோண்டாதீர்கள். அது உள்ளே தள்ளி இறுக்கும். செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று வைத்தியர் பார்த்துச் சொன்னால் மட்டும், அவர் சொல்லும் துளிமருந்தை விட்டு இளக்கிக் கழுவுவிக்கலாம்.

காது மிசின் போட்டதும் தட்டுச் சத்தம் தலையைப் பிளக்கிறது. மிசின் பிழையா?

பெரும்பாலும் செட்டிங் பிழை. சில நேரம் போதிய நாள் போடாததும் காரணம்.

சில்வர் மூடி ஒன்று சீமெந்துத் தரையில் விழுவதைக் கவனியுங்கள். முதல் அடி சில மில்லி செக்கன்தான். மேல் மீடிறன்கள் நிறைந்தது. உடனே மூடி சுழன்று சுழன்று அடங்கும்வரை கிணுகிணுப்பு. எல்லா ஒலியையும் ஒரே அளவு பெருக்கும் மலிவான கருவி, 60 டெசிபெல் பேச்சுக்குத் தரும் அதே 30ஐ 95 டெசிபெல் மூடிச் சத்தத்துக்கும் தந்துவிடும். படிக்கட்டின் மாடியே அங்கே பறந்துவிடும். அலுமாரிக்குள் கிடக்கும் மிசின்களில் நிறைய இப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

நல்ல டிஜிட்டல் கருவி மெல்லிய ஒலியை அதிகமாகவும் பெரிய ஒலியைக் குறைவாகவும் பெருக்கும். உதாரணத்துக்கு 50 டெசிபெல் உள்ளே வந்தால் 25 கூட்டி 75 ஆக்கும். 80 வந்தால் 10 மட்டும் கூட்டி 90 ஆக்கும். உள்ளே 30 டெசிபெல் வித்தியாசம், வெளியே 15. இதை 2க்கு 1 நசுக்கல் என்பார்கள். இதற்கு மேலே 'அதியுயர் வெளியீடு' என்ற ஒரு கூரையும் இருக்கும். எந்தச் சத்தம் வந்தாலும் கருவி அதைத் தாண்டக்கூடாது. அந்தக் கூரையை உங்கள் தாங்கும் எல்லைக்குக் கீழே வைப்பது ஓடியோலொஜிஸ்ட்டின் (கேட்கும் திறனை அளந்து மிசினைச் சரிசெய்பவரின்) வேலை. ஆனால் அந்த எல்லையை அளக்காமல், ஓடியோகிராமை (ஒவ்வொரு மீடிறனிலும் கேட்கத் தொடங்கும் எல்லையைக் காட்டும் வரைபடம்) மட்டும் கணினியில் போட்டு வரும் சராசரியோடு அனுப்பிவிடுவதும் உண்டு. தாங்கும் எல்லை ஆளுக்காள் 20, 30 டெசிபெல்கூட வேறுபடும். ஆகவே கேளுங்கள்: "எனக்கு எவ்வளவு சத்தம் தாங்கும் எண்டு அளந்தீங்களா?"

நசுக்கலை மிகவும் கூட்டினாலும் பிழைதான். சத்தங்கள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து, தூரத்து மின்விசிறியும் கிட்டப் பேசும் பேத்தியும் ஒன்றாகிவிடும்.

திரும்பப் போய் "சரியில்லை" என்றால் "பழகிவிடும்" என்கிறார்கள். எப்படிச் சொல்வது?

ஏழு படிச் சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கூடங்களிலும் இப்படித்தான் கேட்பார்கள்: மிக மெல்லியது, மெல்லியது, சுகம் ஆனால் சற்று மெல்லியது, சுகமானது, சுகம் ஆனால் சற்று உரத்தது, உரத்தது ஆனால் தாங்கலாம், தாங்க முடியாது. ஒரு கிழமைக்கு, நாளுக்கு ஐந்து ஒலிகளுக்கு எதிரே இந்தச் சொல்லை எழுதுங்கள். உதாரணமாகத் தாளைக் கசக்கும் ஒலி, தேங்காய் துருவும் ஒலி, பேரப்பிள்ளையின் குரல், கரண்டி தட்டில் படும் ஒலி, தனியார் பஸ் ஹோர்ன்.

பஸ் ஹோர்னுக்கும் தட்டுக்கும் 'தாங்க முடியாது', பேச்சுக்குச் 'சுகமானது' என்றால் கூரையை இறக்க வேண்டும். தாள், கரண்டி போன்ற மெல்லிய கூர் ஒலிகள் மட்டும் தொந்தரவு என்றால் மேல் மீடிறனில் மெல்லிய ஒலிகளுக்கான பெருக்கம் கூடிவிட்டது. எல்லாமே 'உரத்தது' என்றால் மொத்தப் பெருக்கம் கூட. சொந்தக் குரல் மட்டும் குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தால் செட்டிங்கை விடுங்கள், காதுக்குள் செருகும் அச்சின் காற்றுத் துளையைப் பார்க்கச் சொல்லுங்கள். "சத்தம்" என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் குறைத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு பேச்சும் விளங்காது.

பழக்கமும் வேண்டும் என்பது உண்மை. முதல் நாள் 2 மணி நேரம் வீட்டுக்குள். நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டி இரண்டு கிழமையில் முழு நாளுக்கு வாருங்கள். சந்தைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் முதல் கிழமையிலேயே போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

இரண்டு காதுக்கும் வேண்டுமா?

இரண்டு காதும் குறைந்திருந்தால், வாங்க முடியுமானால், ஆம். இரண்டு காதால் கேட்கும்போது உரப்புக் கூடும், ஆகவே ஒவ்வொரு கருவியையும் சற்றுக் குறைத்தே வைக்கலாம். தெருவில் ஹோர்ன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

மிசின் சத்தம் நாளுக்கு நாள் குறைகிறது. கடற்கரையில் இருப்பதாலா?

இருக்கலாம். முதலில் பற்றரியைப் பாருங்கள். சிங்க்-எயார் பற்றரி காற்றுப் பட்டே வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் திறந்து வைத்த பிறகு போட்டால்தான் முழு வலு வரும். நிறம் பார்த்து வாங்குங்கள்: 10 மஞ்சள், 312 மண்ணிறம், 13 செம்மஞ்சள், 675 நீலம். அடுத்து முனையில் குறும்பி அடைத்திருக்கிறதா, குழாயில் வியர்வைத் துளி நிற்கிறதா என்று பாருங்கள். துளி நின்றால் அச்சோடு குழாயைக் கழற்றி, சிறு காற்றுப் பந்தால் ஊதி வெளியேற்றுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் கூடும்.

வாடை மழைக்காலத்தில் இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, இறுகிய மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் புதிது போடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். கடலிலும் கன்னியா வெந்நீரூற்றிலும் குளிக்கப் போகுமுன் கழற்றி டப்பாவில் போடுங்கள், சட்டைப் பையில் அல்ல.

காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் சாதாரணச் சத்தமே தாங்க முடியவில்லை. இது என்ன?

இது வேறு. ரெக்ரூட்மென்டில் மெல்லியது கேட்காது, பெரியது முழுதாகக் கேட்கும். இங்கே கேட்கும் எல்லை சரியாக இருந்தும், பாத்திரம் கழுவும் சத்தமே வலிக்கும். ஒற்றைத் தலைவலி, தலைக் காயம், முகவாதம் ஆகியவற்றோடும் வரும். முகவாதத்தில், பெரிய ஒலிக்கு நடுக்காதிலுள்ள ஏந்தி எலும்பை இழுத்துப் பிடிக்கும் சின்னத் தசை வேலை செய்யாமல் போவது ஒரு காரணம். வெடிச் சத்தத்துக்குக் கிட்ட இருந்தவர்களுக்கும் வரும். போர்க்காலத்தைக் கடந்தவர்களில் சிலர் கதவு அடித்துச் சாத்தினாலே துடித்துப்போகிறார்கள். அதைப் 'பயந்த சுபாவம்' என்று தள்ளிவிடக் கூடாது. காதையும் மனதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டு திரிவதே இதில் பெரிய பிழை. ஒலி குறையக் குறையக் கேட்கும் நரம்புப் பாதை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும், நிலைமை மோசமாகும். மெல்லிய, மாறாத ஒலியைத் தாங்கும் அளவில் நாள்தோறும் கேட்டு, மெல்ல மெல்லக் கூட்டுவதே சிகிச்சையின் அடிப்படை. காதடைப்பான் உண்மையில் பெரிய சத்தமுள்ள இடத்துக்கு மட்டும்.

இருபது வருடம் எஞ்சின் படகு ஓட்டுகிறேன். சத்தம் பழகிவிட்டது. இனிப் பயமில்லைத்தானே?

பழகியது காது அல்ல. முன்பு கேட்ட மெல்லிய சத்தங்கள் இப்போது கேட்கவில்லையென்றால், தூக்கிக் கொடுத்த கலங்கள் போய்விட்டன என்பதற்கான அடையாளமாகவே அதை எடுங்கள். இரைச்சலால் வரும் சேதம் ஓடியோகிராமில் 4000 ஹேர்ட்ஸை அண்டி ஒரு பள்ளமாக முதலில் தெரியும். பேச்சில் உடனே தெரியாது என்பதால்தான் தாமதமாகப் பிடிபடுகிறது.

85 டெசிபெலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 100இல் 15 நிமிடம். மானி இல்லாவிட்டால் இப்படிப் பாருங்கள். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அங்கே பெரும்பாலும் 85 தாண்டிவிட்டது. அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) இருப்பவரைவிட, எஞ்சினுக்குக் கிட்டக் கைபிடியைப் பிடித்திருப்பவருக்குத்தான் ஆபத்து கூட. அரிசி ஆலை, மரம் அரியும் இடம், தவில் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் இதே கணக்கு.

பஞ்சு வைத்தால் போதாதா?

போதாது, சில டெசிபெல்தான் குறையும். மென்நுரைக் காதடைப்பானை விரலால் மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள், உள்ளே விடுங்கள், 30 செக்கன் விரலால் பிடித்திருங்கள். அரைவாசி வெளியே தொங்கினால் பலன் இல்லை. பெட்டியில் 30 டெசிபெல் என்று போட்டிருந்தாலும் பழக்கமில்லாத கையில் பாதிதான் கிடைக்கும். தவில், நாதஸ்வரக் கலைஞர்களுக்கு 9 அல்லது 15 டெசிபெலை எல்லா மீடிறனிலும் சமமாகக் குறைக்கும் வடிகட்டி அடைப்பான்கள் உண்டு. சுருதி மாறாமல் கேட்கும்.

வெடிக்கு இந்த நேரக் கணக்கே பொருந்தாது. கிட்ட வெடிக்கும் சீன வெடி 140 டெசிபெல் உச்சத்தைத் தாண்டலாம். காதின் பாதுகாப்புத் தசை இழுபடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அத்தனை குறுகிய ஒலி, காதுக்கு அதன் உண்மைப் பலத்தைவிடச் சிறிதாகவே தோன்றும் என்பதுதான் இதில் பயங்கரம்.

கடலில் இறங்கி வந்ததிலிருந்து ஒரு காதில் சத்தம் சுருங்கிக் கேட்கிறது. என்ன செய்வது?

சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடிகளுக்கும், புறாத்தீவுக்கு நீந்தப் போகிறவர்களுக்கும் இது பொதுவான முறைப்பாடு. முதல் 10 மீற்றரிலேயே அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அதனால் காதை வெளிவிடுவதை (காதுக்குள் காற்றை ஊதி அழுத்தத்தைச் சமப்படுத்துவதை) மேல்மட்டத்திலேயே தொடங்கி, மீற்றருக்கு ஒரு தடவையாவது, மூக்கைப் பிடித்து மெதுவாகச் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு பலமாக ஊதினால் உட்காதின் மென்சவ்வு கிழியக்கூடும். தடிமனோடு இறங்காதீர்கள், காதடைப்பானோடு ஒருபோதும் இறங்காதீர்கள்.

அடைப்பு மட்டும் இருந்தால் சில நாளில் தெளியலாம். அதுவரை திரும்ப இறங்க வேண்டாம். காது கேட்பது சட்டென்று குறைந்ததோடு தலைசுற்றலோ, புதிதாக இரைச்சலோ இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எவ்வளவு ஆழம், எத்தனை தடவை என்று எழுதிக் கொண்டுபோங்கள்.

கடலுக்கே போகாதவருக்கும் ஒரு காது ஓரிரு நாளுக்குள் சட்டென்று மந்தமானால் அதே அவசரம். குறும்பியாக்கும் என்று துளி விட்டுக்கொண்டு கிழமைக்கணக்கில் காத்திருக்காதீர்கள். உட்காதால் வந்ததென்றால் ஸ்டீரொயிட் மருந்து முதல் நாட்களிலேயே தொடங்கும்போதுதான் நல்ல பலன் தரும், இரண்டு கிழமை கடந்தால் வாய்ப்புச் சுருங்கிவிடும். போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ம்ம்ம் என்று மெல்ல முனகுங்கள். கெட்ட காதுப் பக்கம் பெரிதாகக் கேட்டால் அடைப்பு வகையாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் பெரிதாகக் கேட்டால் உட்காதைச் சந்தேகித்து, ஈ.என்.டி. கிளினிக் நாள் வரும்வரை பார்த்திராமல் நேரே வெளிநோயாளர் பிரிவிலேயே சொல்லுங்கள்: "ரெண்டு நாளாத்தான் இப்பிடி, திடீரெண்டு வந்தது."